எண் தெரிந்தால் போதுமா? இதயநோய்த் தடுப்பில் கருவிகளும் செயலிகளும்

மாரடைப்பு ஒரே நாளில் வந்துவிடுகிறது. ஆனால் அதற்கான வேலை ரத்தக்குழாய்களுக்குள் இருபது முப்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கும். மேல் அளவு பிபி 150 இருந்தாலும் பெரும்பாலும் தலை வலிக்காது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 170 இருந்தாலும் மாடி ஏறும்போது ஒன்றும் தெரியாது. வலிக்காத ஒன்றுக்காக நாள்தோறும் சிரமப்பட மனிதர்களுக்கு மனம் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் இதயம், ரத்தநாளம் சார்ந்த நோய்களால் சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர் இறந்தனர். இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்திருக்க முடியும் என்பது மருத்துவ உலகம் அறிந்ததுதான். தடுக்கும் வழிகளும் புதியவை அல்ல: புகையிலையை விடுவது, நடப்பது, உப்பைக் குறைப்பது, பிபியையும் கொழுப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது. அவற்றைத் தொடர்ந்து செய்வதுதான் கடினம்.

கைக்கடிகாரமும் செயலியும் குறுஞ்செய்தியும் நுழைவது இந்த இடத்தில்தான். உடம்பு சொல்லாததை அவை எண்ணாக்கிக் காட்டுகின்றன. காட்டிவிட்டால் பழக்கம் மாறிவிடும் என்று நம்பித்தான் பெரும்பாலானோர் இவற்றை வாங்குகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு 2016இல் ஓர் அடி விழுந்தது. அமெரிக்காவில் அதிக எடையுள்ள 471 இளவயதினரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. எல்லோருக்கும் முதல் ஆறு மாதம் ஒரே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. பிறகு ஒரு பிரிவுக்குக் கையில் அணியும் கருவி கொடுத்தார்கள். மற்றப் பிரிவினர் தாங்களே குறித்துவந்தார்கள். முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோதான். கருவி கெடுதல் செய்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அளப்பது தானாகவே பழக்கத்தை மாற்றும் என்ற எண்ணம் இதோடு ஆட்டம் கண்டது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கண்ணி தெளிவாகத் தெரிகிறது. எண்ணுக்கும் செயலுக்கும் நடுவே யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அது அணிந்திருப்பவராகவோ வீட்டில் ஒருவராகவோ மருத்துவராகவோ இருக்கலாம். அந்தக் கண்ணி இருக்கும் ஏற்பாடுகள் பலன் தருகின்றன. இல்லாதவை சில வாரங்களில் மேசை இழுப்பறைக்குப் போய்விடுகின்றன.

பத்தாயிரம் காலடிகள் என்ற இலக்கு

கடிகாரத்தைக் கட்டியதும் அது முன்வைக்கும் இலக்கு 10,000. இந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானிக்கு ‘மன்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி அளவி என்று பெயர் வைத்தார்கள்; அந்தப் பெயர்தான் உலகம் முழுக்க இலக்காகப் பரவியது. 2019இல் சுமார் 16,700 மூத்த பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் பலன் கூடவில்லை. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான அலசலும் ஏறக்குறைய இதையே சொன்னது: 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000, அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். நடையே காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிகப் பலன் இருப்பது மிகக் குறைவாக நடப்பவர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும் இடத்தில். 3,000 அடி நடப்பவருக்கு 10,000 என்று இலக்கு வைத்தால், தினமும் மாலை அந்தத் திரை அவருக்குத் தோல்வியைத்தான் காட்டும். பத்து நாளில் அவர் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்.

செய்ய வேண்டியது எளிது. முதல் வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல் இருந்து எண்ணை மட்டும் சேகரிக்க வேண்டும். ஏழு நாள் எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதுதான் உங்கள் உண்மையான தொடக்கப் புள்ளி; ஒரே ஒரு நாள் கோவிலுக்கோ கடைத்தெருவுக்கோ அலைந்து திரிந்தது சராசரியைத் தூக்கிவிடும், நடு எண்ணை அவ்வளவாக அசைக்காது. அதோடு 1,000 முதல் 1,500 வரை சேருங்கள். இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் அது எட்டப்பட்டால் மீண்டும் கூட்டுங்கள். காலடிமானி பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வந்த கட்டுரையும் இதற்கு ஆதரவாக நிற்கிறது: கருவி வைத்திருந்தவர்கள் நாளுக்கு சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்தார்கள், ஆனால் அந்தக் கூடுதலைத் தீர்மானித்தது திட்டவட்டமான இலக்கு இருந்ததா என்பதுதான்.

எண்ணிக்கையைப் போலவே வேகமும் முக்கியம். நிமிடத்துக்கு சுமார் 100 அடி என்பது பெரியவர்களுக்கு மிதமான உழைப்பின் தொடக்கம். பேச முடியும், பாட முடியாது என்ற நிலை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் அந்த வேகத்தில் நடந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை நிறைவேறுகிறது. பத்து நிமிடத்துக்குக் குறைவான நடை கணக்கில் வராது என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிட நடையும் சேரும்.

கடிகாரம் எண்ணுவது காலின் அசைவை அல்ல, கையின் அசைவை. தள்ளுவண்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அடிகள் விடுபடும்; உட்கார்ந்தபடி கையை ஆட்டிப் பேசினால் இல்லாத அடிகள் சேரும். ஒரே கருவியை, ஒரே கையில், தினமும் கட்டினால் இந்தப் பிழை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், ஒப்பிட முடியும். நடுவில் கருவியை மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். முதல் வார அளவீட்டை மறுபடி செய்யுங்கள்.

கலோரிக் கணக்கை மறந்துவிடுவது நல்லது. ஸ்டான்ஃபோர்டில் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது இதயத்துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாக இருந்தன. செலவான கலோரியில் இருப்பதிலேயே துல்லியமான கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். ‘400 கலோரி எரித்தாகிவிட்டது’ என்ற திரையை நம்பி இரவில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிடுபவர் எடை ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குறுஞ்செய்தி என்ற எளிய கருவி

விலையுயர்ந்த கடிகாரங்களை ஓரம்கட்டும் ஒரு சான்று சாதாரண எஸ்எம்எஸ்ஸிடமிருந்து வந்தது. சிட்னியில் இதயத் தமனி நோய் உள்ள 710 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ‘டெக்ஸ்ட் மீ’ ஆய்வில், ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் வாரத்துக்கு நான்கு செய்திகள் போயின. பதில் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. புகைப்பவருக்குப் புகை பற்றி, சைவ உணவுக்காரருக்கு அவர் உணவு பற்றி என்று ஓரளவு ஆளுக்கேற்ற செய்திகள். ஆறு மாத முடிவில் மேல் அளவு ரத்த அழுத்தம் செய்தி பெற்றவர்களிடம் சராசரி 128, பெறாதவர்களிடம் 136. எல்டிஎல் 79க்கு எதிராக 84. புகைப்பவர்கள் 26 சதவீதத்துக்கு எதிராக 43. மேல் அளவு 5 குறைந்தால் பெரிய இதய, மூளைப் பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறையும் என்று மருந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் இது சிறிய விளைவு அல்ல. புகையை விடுவதற்கும் இதே வழி உதவியது: பிரிட்டனில் 5,800 பேரிடம் நடந்த ‘டெக்ஸ்ட்2ஸ்டாப்’ ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் புகையை விட்டது பரிசோதனையால் உறுதிப்பட்டவர்கள் 10.7 சதவீதம், ஒப்பீட்டுப் பிரிவில் 4.9.

எப்போது வேலை செய்யாது என்பதற்கும் சான்று உண்டு. ‘ஹார்ட்ஸ்டெப்ஸ்’ என்ற செயலி, நாளில் பலமுறை சூழலுக்கேற்ற நடைப் பரிந்துரை அனுப்பியது. தொடக்க நாட்களில் அடுத்த அரைமணி நேர நடை நன்றாகவே கூடியது. ஆறு வார ஆய்வு முடிவதற்குள் அந்த விளைவு தேய்ந்துபோனது. தினமும் ஐந்து முறை ‘எழுந்து நில்லுங்கள்’ என்று அதிரும் கடிகாரத்தை மூளை சுவர்க்கடிகாரச் சத்தம்போலக் கேட்காமல் விடப் பழகிவிடுகிறது. ஆகவே செயலியின் எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிட்டு ஒன்றையோ இரண்டையோ மட்டும் வைத்திருப்பது மேல். அந்த ஒன்று, செய்ய முடிகிற நேரத்தில் வர வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது வரும் நினைவூட்டல் அடுத்த முறையும் தட்டிவிடத்தான் கற்றுக்கொடுக்கும். ‘சுறுசுறுப்பாக இருங்கள்’ என்பதைவிட ‘மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம்’ என்பது பயனுள்ளது, ஏனென்றால் அது ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலில் கொக்கி போட்டு நிற்கிறது.

பரிசு, புள்ளி, போட்டி

பணம் கொடுத்தால் நடப்பார்களா? நடப்பார்கள், கொடுக்கும்வரை. சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த ஆய்வில் ஆறு மாதம் பணப்பரிசு பெற்றவர்கள் கூடுதலாக நடந்தார்கள். பரிசு நின்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் மறைந்திருந்தது. பெரும்பாலானோர் கருவியையே கழற்றிவிட்டிருந்தார்கள்.

2024இல் வெளியான ‘பி ஆக்டிவ்’ ஆய்வின் வடிவம் கவனிக்கத்தக்கது. இதயநோய் உள்ள, அல்லது வரும் அபாயம் அதிகமுள்ள 1,062 பேர். தத்தம் அளவிலிருந்து எவ்வளவு கூட்டுவது என்று இலக்கை அவர்களே தேர்ந்தார்கள். விளையாட்டுப் பிரிவில் ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் 70 புள்ளிகள் முன்கூட்டியே கணக்கில் வைக்கப்படும். இலக்கைத் தவறவிடும் ஒவ்வொரு நாளும் 10 போகும். அவர்கள் தேர்ந்த உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கு நிலவரம் வாராவாரம் போய்ச்சேரும். பணப் பிரிவிலும் இப்படித்தான்: வாரத்துக்கு 14 டாலர் கணக்கில், தவறினால் நாளுக்கு 2 டாலர் கழிவு. ஓராண்டில், கருவியும் இலக்கும் மட்டும் பெற்ற பிரிவைவிட விளையாட்டுப் பிரிவு நாளுக்கு 538 அடியும், பணப் பிரிவு 492 அடியும், இரண்டும் சேர்ந்த பிரிவு 868 அடியும் கூடுதலாக நடந்தன. பைசா செலவில்லாத புள்ளிகள் பணத்துக்கு ஈடாக நின்றன என்பது சுவையான விஷயம். புதிதாகக் கிடைப்பதைவிடக் கையில் இருப்பதை இழப்பது நமக்கு அதிகமாக உறுத்துகிறது. யாரோ பார்க்கிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இதை எந்தச் செயலியும் இல்லாமல் ஒரு தாளிலும் செய்யலாம். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணையும் தரவரிசையாகப் போடுவது வேறு விஷயம். முழங்கால் வலியுள்ள மாமா தினமும் கடைசியில் நிற்பார், இரண்டாம் வாரம் குழுவை மியூட் செய்துவிடுவார். ஒப்பிடுவதானால் அவரவர் இலக்கில் எத்தனை நாள் எட்டினார்கள் என்று ஒப்பிடுங்கள்.

வீட்டு பிபி மானிட்டர்

இதயத்தைக் காப்பதற்கென்று ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், அது கடிகாரமாக இருக்க வேண்டியதில்லை. மேற்கையில் பட்டை சுற்றும், முறையாகச் சரிபார்க்கப்பட்ட தானியங்கி பிபி மானிட்டர்தான் முதலில் வர வேண்டும். அதைச் சரியாகப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரம் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்கக் கூடாது. முதுகு சாய்ந்த நாற்காலி, பாதம் தரையில், கால் மேல் கால் வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அப்போது ஃபோனைப் பார்க்காமல் இருப்பது பலருக்கு இதிலேயே கடினமான பகுதி. பட்டை வெறும் தோல்மேல், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை மேசைமேல் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். 2024இல் வந்த ஓர் ஆய்வில், கையை மடியில் வைத்தபோது மேல் அளவு சுமார் 4, தொங்கவிட்டபோது 6.5 அதிகமாகக் காட்டியது. அளக்கும்போது பேசக் கூடாது.

பட்டையின் அளவில் பிழை இன்னும் பெரிது. மேற்கையின் நடுச் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்கு வழக்கமான பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு சராசரியாக 19.5 அதிகமாகக் காட்டியது என்று 2023 ஆய்வு ஒன்று சொல்கிறது. இல்லாத நோய்க்கு மாத்திரை தொடங்க இது போதும்.

முதல் தடவை இரண்டு கையிலும் அளந்து, அதிகம் காட்டும் கையையே பிறகும் பயன்படுத்துங்கள். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், மாலையில் ஒருமுறை. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் அதை உயர் ரத்த அழுத்தம் என்கின்றன. அமெரிக்க வழிகாட்டுதலில் எல்லை 130/80. தலை கனக்கும்போது மட்டும் எடுத்த அளவுகளைக் கொண்டுபோனால் மருத்துவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் இருந்தால் சராசரிக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பட்டையில்லாமல் மணிக்கட்டிலேயே ரத்த அழுத்தம் காட்டும் கடிகாரங்கள் பெரும்பாலும் நாடியலையின் வடிவத்திலிருந்து ஊகிக்கின்றன. பலவற்றைப் பட்டை மானிட்டரோடு அவ்வப்போது ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ அவற்றை நம்புவது இப்போதைக்குச் சரியல்ல.

அளந்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. சுய அளவீடு பற்றி 2017இல் வந்த தொகுப்பு அலசலில், வீட்டில் வெறுமனே அளந்தவர்களுக்கு மேல் அளவு சுமார் 1 குறைந்தது. அளவீட்டோடு தீவிரமான வழிகாட்டலும் இருந்தவர்களுக்கு 6.1 குறைந்தது. கருவி ஒன்றுதான், விளைவில் ஆறு மடங்கு வித்தியாசம். பிரிட்டனில் 1,182 பேரிடம் நடந்த ‘டாஸ்மின்4’ ஆய்வில், வீட்டு அளவுகளை வைத்து மருத்துவர் மருந்தைத் திருத்தியபோது ஓராண்டில் மேல் அளவு 3.5 கூடுதலாகக் குறைந்தது. அளவுகள் ஃபோன் வழியே மருத்துவமனைக்கே போனபோது 4.7. எனவே மானிட்டர் வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்: சராசரி எவ்வளவு வந்தால் கூப்பிட வேண்டும், யாரை, எப்படி.

நினைவூட்டலால் ஆகாதவை

மாத்திரையை நினைவூட்டும் டப்பாக்களும் மின்மூடிகளும் கவர்ச்சியானவை, பலனோ ஏமாற்றம். 53,000க்கும் மேற்பட்டோரிடம் மூன்று வகை மலிவுக் கருவிகளைச் சோதித்த ‘ரிமைண்ட்’ ஆய்வில் மாத்திரை உட்கொள்வது கூடவில்லை. மாரடைப்பு வந்த 1,509 பேருக்கு மின்னணு டப்பா, பரிசுக் குலுக்கல், உறவினர் துணை என்று எல்லாம் கொடுத்த ‘ஹார்ட்ஸ்ட்ராங்’ ஆய்விலும் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை. மறதிக்குத்தான் நினைவூட்டல் மருந்து. தசைவலிக்குப் பயந்து ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை நிறுத்தியவரும், ‘எண் சரியாகிவிட்டதே, இனி எதற்கு’ என்று நினைப்பவரும் மறந்தவர்கள் அல்லர். அவர்களுக்குத் தேவை ஒரு உரையாடல், அல்லது மூன்று மாத்திரையை ஒன்றாக்கிய ஒரே மாத்திரை.

கடிகாரத்தின் துடிப்பு எச்சரிக்கையும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆப்பிள் ஹார்ட் ஆய்வில் 4 லட்சத்து 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் 0.52 சதவீதத்தினருக்கே சீரற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை வந்தது. அவர்களில் பின்னர் இசிஜி பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதத்தினரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவானது. பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் கோளாறு அது. எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் முறையான இசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதயத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்பதைக் கடிகாரத்தின் அடியில் துடிப்பை அளக்க ஒளிரும் பச்சை விளக்கால் காண முடியாது, அது எடுக்கும் ஒற்றைத் தட இசிஜியாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்ய முடியாது. நெஞ்சு இறுகும்போது ‘கடிகாரம் நார்மல் என்கிறதே’ என்று உட்கார்ந்திருப்பது ஆபத்தானது. பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு மண்டலங்களும் பொருந்தாது. அந்த மருந்து துடிப்பை அடக்கிவைக்கிறது. அவர்களுக்கு மேலே சொன்ன ‘பேச முடியும், பாட முடியாது’ என்ற பேச்சுச் சோதனைதான் நம்பகமானது.

உப்புக்கும் உறக்கத்துக்கும் செயலிகள் இருக்கின்றன, இரண்டிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. பொட்டலத்தின் பார்கோடைப் படித்து சோடியம் அளவைக் காட்டும் செயலி, பொட்டல உணவு அதிகம் உண்பவருக்கு உதவும். வீட்டுச் சமையலில் கையால் அள்ளிப் போடும் உப்பை அது அறியாது. நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்ற எல்லைக்கு, ஒரு மாதத்தில் எத்தனை கிராம் உப்பு தீர்கிறது என்று பார்த்து, அதை வீட்டாள் எண்ணிக்கையாலும் 30 நாளாலும் வகுத்துப் பார்ப்பதே தோராயமாகப் போதும். உறக்கத்தில் நேரத்தை மட்டும் பாருங்கள். ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம் என்ற பிரிவுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. லண்டனில் 96 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக நடு அளவில் 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்குக் கணிப்புப்படி 254. ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. தொடர் வரிசை அறுந்துவிட்டது என்று அழுமுகம் காட்டும் செயலிகள் இந்த விஷயத்தில் உண்மைக்கு எதிராக நடக்கின்றன, அந்த அம்சத்தை அணைத்துவிடலாம். பன்னிரண்டு வாரம் கழித்து மதிப்பிடுவது நியாயமான இடைவெளி: எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும், கொழுப்பு மருந்தைத் தொடங்கியபின் எல்டிஎல்லை 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பார்ப்பது வழக்கம், வீட்டு பிபி சராசரியும் கையில் இருக்கும். காலடிகள் கூடியும் இவற்றில் எதுவும் அசையவில்லை என்றால் அடுத்த கடிகாரத்துக்கு விலை விசாரிக்காமல், அந்த மூன்று எண்களையும் எடுத்துக்கொண்டு மருந்தின் அளவைப் பற்றிப் பேச மருத்துவரிடம் போக வேண்டும்.